எழுதுகிற கை

வெளியிலிருந்து மதிப்பெண் போட வந்த எக்ஸ்டர்னல் உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி, ஹெச்.எம். அறையிலிருந்து தூக்கி வந்த குஷன் நாற்காலியில். நான் போர்டில் தேதி போட்டுக்கொண்டிருக்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் நாற்காலி கிறீச்சென்றதும் போட்ட தேதியை அழித்து மறுபடியும் போடுகிறேன். பயப்படாதே வடிவு, அவரும் மனுஷர்தான், காலையில் ஏதாவது ஒரு கிளப்புக்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். பாடத்தலைப்பு, காந்தவியல். எழுத்து நன்றாகத்தான் வருகிறது. என் கையெழுத்தை யாரும் குறை சொன்னதில்லை, குறையெல்லாம் தொண்டையில்தான். போன வருஷம் இதே செய்முறைத் தேர்வில், வேறொரு பள்ளிக்கூடத்தில், "வணக்கம் குழந்தைகளே" என்று சொன்னேன். அதற்குப் பிறகு குரல் வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. அன்றைக்கு வந்த எக்ஸ்டர்னல் அம்மாள் நல்லவர், "தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிங்க" என்றார். குடித்தேன். தண்ணீர் உள்ளே போனது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் நிறுத்தியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டேன். இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. இன்றைக்கும் குரல் போனால் பி.எட். போச்சு, ஜூனில் வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கும் மெட்ரிக் பள்ளிக்கூடம் போச்சு, முப்பத்தாறு வயதில் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பி என்று வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. காலையில் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது வண்டியை அணைக்காமலே, "இந்தத் தடவையாவது பேசிரு, என்ன?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். புருஷன் கிண்டல் பண்ணுவதும் பெண்டாட்டி சிரிப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்த 'என்ன' இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது.

திரும்புகிறேன். "வணக்கம் குழந்தைகளே." வந்துவிட்டது. பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொல்லி உட்காருகிறார்கள். அடுத்த வாக்கியம்தான் கண்டம். போன வருஷம் இந்த இடத்தில்தான் கதவு சாத்திக்கொண்டது. யோசிக்காதே, யோசித்தால் வராது, கால் பார்த்து நடந்தால் படியில் தடுக்கும். "காந்தம் எதையெல்லாம் இழுக்கும்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க." வந்தது. கொஞ்சம் கீச்சென்று, ஆனால் வந்தது. ஆறாம் வகுப்பு பி பிரிவு முழுக்கக் கை தூக்கி நிற்கிறது, ஒரு பிள்ளை பாக்கியில்லை. எக்ஸ்டர்னலின் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது. அவருக்குத் தெரியாது. ஞானசௌந்தரி டீச்சருக்கும் எனக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் தெரியும். டீச்சர்தான் இந்த வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர், பயிற்சிக்கு வந்த எனக்கு வழிகாட்டி. போன வருஷக் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா வடிவு டீச்சர் பயப்படுதீங்க? கிளாஸ் முழுக்கக் கை தூக்கிட்டாப் போதும், எக்ஸ்டர்னல் மனசு குளிர்ந்துரும். அதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் ஒரு கை, தெரியாவிட்டால் மற்ற கை. நாம் தெரிந்த கையை மட்டும் பார்த்துக் கேட்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கை மட்டும்தான் தெரியும், எந்தக் கை என்று எவர் பார்க்கப் போகிறார். ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்தில் வழிவழியாக இதுதானாம். தெரியாத கையை எந்தக் காரணம் கொண்டும் கேட்க மாட்டேன் என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும், அது முக்கியம், அந்த நம்பிக்கையில்தான் தெரியாத பிள்ளை கை தூக்கும். செய்துகொடுத்தேன். "மாரிச்செல்வம், நீ சொல்லு." "இரும்பு, நிக்கல், கோபால்ட் டீச்சர்." "சரியான விடை. உட்காரு." பின்னால் பேனா ஓடுகிறது. என்ன எழுதுகிறார்? நல்லதாகத்தான் இருக்கும். நல்லதை எழுத இவ்வளவு நேரமா ஆகும்?

என் பாடத்திட்டத்தின் மேலே, கற்பித்தல் அணுகுமுறை என்ற இடத்தில், கட்டமைப்புவாதம் என்று பச்சை ஸ்கெட்ச்சில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இப்போது அதைத்தான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை. வகுப்பு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது, அதில் கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று காலேஜில் எல்லோரும் சொன்ன கேள்வி, நடத்தைவாதத்துக்கும் கட்டமைப்புவாதத்துக்கும் உள்ள வேறுபாடு. அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். நடத்தைவாதத்தில் கற்றல் என்பது தூண்டலுக்கும் துலங்கலுக்கும் ஏற்படும் இணைப்பு. சரியான துலங்கலுக்குப் பரிசு, தவறானதற்குத் தண்டனை. மாணவர் மனம் எழுதாத பலகை. இந்தப் பக்கம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பக்கம்தான் தட்டுகிறது. கட்டமைப்புவாதத்தில் கற்றல் என்பது, கற்றல் என்பது. மாணவர் தாமே. எதையோ தாமே செய்கிறார். ஏற்கெனவே இருப்பதன் மேல், புதிதாக, அர்த்தத்தை. வார்த்தையெல்லாம் இருக்கிறது, கோர்வை வரவில்லை. அடுத்த கேள்வி கேள் வடிவு, எல்லோரும் உன்னையே பார்க்கிறார்கள். "காந்தத்துக்கு எத்தனை முனை?" மறுபடியும் எல்லாக் கையும். மூன்றாவது பெஞ்சிலிருந்து வளையல் சத்தம், பேச்சி. முத்துப்பேச்சி. இடது கையில் மட்டும் ரெண்டு கண்ணாடி வளையல் போட்டிருக்கும் பிள்ளை. வலது கையில் போட்டது உடைந்திருக்கும், மாற்று வாங்கியிருக்க மாட்டார்கள். கை தூக்கும்போது அந்த ரெண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சறுக்கிக்கொண்டு போகும். ஒத்திகை பார்த்த நாளெல்லாம் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு தடவையும் அது இடது கை. ஒரு கேள்விக்குக்கூட பதில் தெரியாத பிள்ளை, ஆனால் தெரியாது என்பதை மறைக்காத பிள்ளை என்று எனக்கு அவள் மேல் ஒரு பிரியம். உன்னைக் கேட்க மாட்டேன் தாயி என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். இப்போதும் போகிறேன்.

என் இடது கை எங்கே? தேட வேண்டியதில்லை, சேலைக் கொசுவத்துக்குள் இருக்கும். நான் வைக்கவில்லை, அதுவாகப் போய்விடும். பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு யாராவது எதிரே உட்கார்ந்தால் போதும், பேங்க் மேனேஜரானாலும் சரி, ரேஷன் கடைக்காரரானாலும் சரி, அது ஒளிந்துகொள்ளும், தொண்டை அடைத்துக்கொள்ளும், ரெண்டும் ஒன்றாக நடக்கும். ஏன் ரெண்டும் ஒன்றாக நடக்கிறது என்று பி.எட். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் இடது கையால் எழுதினேன். ரெண்டாம் வகுப்பு வாத்தியார் மர ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து அடிக்க மாட்டார், செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் அடிப்பார், விளிம்பு படுகிற மாதிரி. "எந்தக் கை? எந்தக் கைன்னு வாயத் திறந்து சொல்லு." சொன்னால் ஒரு அடி, சொல்லாவிட்டால் ரெண்டு. பெரிய கோபமெல்லாம் கிடையாது அவருக்கு, அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். வீட்டில் அம்மா தன் பங்குக்கு அந்தக் கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுச் சோறு போட்டாள், பீச்சாங்கையால் எழுதுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அழுதாள். கை மாறிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். வலது கையில் குண்டு குண்டாக அழகான எழுத்து வந்தது, பரிசுகூட வாங்கினேன். ரஷ்யக்காரர் ஒருவர் நாய்க்கு மணி அடித்து அடித்துச் சாப்பாடு போட்டதைக் காலேஜில் நடத்தினார்கள். மணிச் சத்தம் கேட்டாலே அந்த நாய்க்கு எச்சில் ஊறியதாம். எனக்கு வறண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கேட்டு வகுப்பில் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், மேசைக்கு அடியில் அந்த முட்டியைத் தடவிக்கொண்டே.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லும்போது டீச்சர் சொன்ன மாதிரி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தெரிஞ்சா சோத்துக்கை, தெரியலன்னா பீச்சாங்கைன்னு சொல்லிருங்க, டக்குனு பிடிச்சிக்கிடும்" என்றார் டீச்சர். என் வாயால் பீச்சாங்கை என்று எப்படிச் சொல்வேன்? வலது இடது என்றும் சொல்ல வரவில்லை, வலது எது இடது எது என்று பிள்ளைகள் குழம்பிவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். தெரிந்தால் எழுதுகிற கையைத் தூக்குங்கள், தெரியாவிட்டால் எழுதாத கையைத் தூக்குங்கள் என்றேன். கௌரவமாக இருந்தது. இப்போது செயல்பாட்டு நேரம். குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு சட்டக் காந்தம், ஆணி, ரப்பர், சோடா மூடி, அலுமினியக் கம்பி. தொட்டுப் பார்த்து, எது ஒட்டுகிறது எது ஒட்டவில்லை என்று நோட்டில் எழுத வேண்டும். வகுப்பு இரைச்சலாகிறது. இரைச்சல் நல்லது என்று பாடப்புத்தகம் சொல்கிறது, பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும்போது சத்தம் வரும் என்று. எனக்குச் சத்தம் வந்தால் பயமாக இருக்கிறது, சத்தம் அடங்கினால் அதைவிடப் பயமாக இருக்கிறது. ஒரு பெஞ்சில் ரெண்டு காந்தத்தை மோதவிட்டுச் சண்டை நடக்கிறது. போய்த் தடுக்கலாமா, தடுத்தால் சுதந்திரத்தைப் பறித்ததாக எழுதுவாரா, தடுக்காவிட்டால் வகுப்புக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதுவாரா. ஐயோ, எழுந்துவிட்டார். எக்ஸ்டர்னல் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே வருகிறார்.

குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார். வயசானவர், மதுரைப் பக்கம் என்றார்கள், கதர்ச் சட்டை, பாக்கெட்டில் ரெண்டு பேனா. மாரிச்செல்வத்தின் குழுவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அங்கேயே நில்லுங்கள் ஐயா, அவன் கெட்டிக்காரன், எதைக் கேட்டாலும் சொல்வான். நகர்ந்துவிட்டார். மூன்றாவது பெஞ்சு. அங்கே வேண்டாம். பேச்சியின் பக்கத்தில் நிற்கிறார். ஏதோ கேட்கிறார். பேச்சி நிமிர்ந்து பார்த்து என்னவோ சொல்கிறாள். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெரியாது சார் என்று சொல்லியிருப்பாள். இல்லை, அதைவிட மோசமாக, எனக்குத் தெரியாதுன்னுதான் சார் தினமும் கை தூக்குதேன் என்று சொல்லியிருந்தால்? பயிற்சிக்கு வந்தவள் பிள்ளைகளுக்குப் பொய் கற்றுக்கொடுத்தாள் என்று எழுதினால் தேர்வு மட்டுமா போகும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இதுதான் ஆரம்பம், இப்படித்தான் போன வருஷமும் ஆரம்பித்தது. மேசைமேல் இருக்கிற பாட்டிலை எடுக்கக்கூடாது. தண்ணீர் குடித்தால் முடிந்தது. அவர் சிரித்துக்கொண்டே பேச்சியின் தலையில் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார், எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. பேச்சி மறுபடி குனிந்து நோட்டில் எழுதுகிறாள். ஆணி ஒட்டும், ரப்பர் ஒட்டாது. நான் மூன்றாவது பெஞ்சுக்குப் போய் அவள் எழுதுவதையே பார்க்கிறேன். ஒத்திகையில் நான் பிள்ளைகளை எழுதவிட்டதே இல்லை, கவனியுங்கள், எழுதாதீர்கள் என்றே சொல்லிவந்தேன், இவர்கள் நோட்டைத் திருத்துவதெல்லாம் டீச்சர்தான். கட்டம் போட்டிருக்கிறாள். எழுதிக்கொண்டே போகும்போது எழுதியதன் மேலேயே உள்ளங்கை பட்டுக் கலைந்திருக்கிறது. கையின் ஓரமெல்லாம் மை. அது எந்த ஓரம் என்று எனக்குத் தெரியும். என் ஒன்றாம் வகுப்புக் கையிலும் அதே ஓரத்தில் பென்சில் கரி அப்பியிருக்கும், அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாள். வளையல் போட்ட கை எழுதிக்கொண்டிருக்கிறது. பேச்சி இடது கையால் எழுதுகிறாள்.

தெரிந்தால் எழுதுகிற கையைத் தூக்குங்கள். நான்தான் சொன்னேன். அவள் தூக்கினாள். ஒவ்வொரு கேள்விக்கும் தூக்கினாள், வளையல் சத்தம் கேட்கிற அளவுக்கு உயரமாகத் தூக்கினாள். நான் பிரியமாகப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன். எல்லாம் தெரிந்த பிள்ளையை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். என்ன நினைத்திருப்பாள்? இந்த டீச்சருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றா? என் பதில் தப்பாக இருக்கும் என்று டீச்சருக்கு முன்கூட்டியே தெரிகிறது என்றா? அதற்குப் பிறகும் தூக்கினாளே, அதைத்தான் நினைக்கப் பயமாக இருக்கிறது. எத்தனை நாளைக்குத் தூக்குவாள்? கேட்கப்படாத கை எத்தனை நாளில் கீழே இறங்கும் என்று பாடப்புத்தகத்தில் தனித் தலைப்பே உண்டு. வலுவூட்டல் இல்லாவிட்டால் துலங்கல் அற்றுப்போகும். ரெண்டு மதிப்பெண் கேள்வி. எல்லோருக்கும் நான் சொன்ன வார்த்தை ஒன்றுதான், மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு கையாகப் போனது, இவளுக்கு இன்னொரு கையாகப் போனது, தப்பு இவளிடம் இல்லை, இவள் கையை வைத்து இவள் புரிந்துகொண்டாள். எழுதுகிற கை என்றால் வலது கை என்று யார் சொன்னது? எனக்குச் சொன்னார்கள், ஸ்கேல் விளிம்பால் சொன்னார்கள், நானும் உலகத்துக்கே அதுதான் என்று இருந்துவிட்டேன். எல்லாரும் மறக்கலாம், நான் எப்படி மறந்தேன்?

"அம்மா." எக்ஸ்டர்னல்தான். நாற்காலியிலிருந்தே பேசுகிறார். "நல்லாப் போகுதும்மா. நான் ஒரு கேள்வி சொல்றேன், நீங்களே கேளுங்க. ஒரு காந்தத்த ரெண்டா உடைச்சா, ஒரு துண்டு வட முனையாவும் இன்னொரு துண்டு தென் முனையாவும் ஆயிருமா?" இந்தக் கேள்வி என் பாடத்திட்டத்தில் இல்லை. ஒத்திகையில் வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்துகிறார். நான் போர்டுக்கு முன்னால் வந்து நின்று கேள்வியைத் திருப்பிச் சொல்கிறேன், வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கைகள் எழும்புகின்றன. எல்லாக் கைகளும். அத்தனையும் இடது கை. ஒரு வலது கை இல்லை, மாரிச்செல்வம்கூட வெட்கப்பட்டுக்கொண்டு இடது கையைத் தூக்கியிருக்கிறான். பின்னால் அவர் முகம் பூரித்துப்போயிருக்கிறது, உடைக்கிற கேள்விக்குக்கூட வகுப்பு முழுக்கக் கை என்று. என் முன்னால் ஒரு வகுப்பு நிறைய இடது கை. என்னைக் கேட்க மாட்டீர்கள்தானே டீச்சர் என்று ஒவ்வொரு கையும் நம்பிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒன்று, ரெண்டு வளையலோடு, என்னைக் கேளுங்கள் டீச்சர் என்கிறது. பேச்சியைக் கூப்பிட்டால் இடது கையை டீச்சர் கேட்டுவிட்டார் என்று மற்ற அத்தனை கையும் பதறி இறங்கும், அவர் கண் முன்னால் இறங்கும், அதற்குப் பிறகு எனக்கு எதுவும் இல்லை. கூப்பிடாமல் இருக்கவும் வழி இருக்கிறது. நானே பதிலைச் சொல்லிவிடலாம். நேரம் இல்லை, அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று முடித்துவிடலாம், நல்ல டீச்சர்களே அப்படிச் செய்கிறார்கள். ஜூனில் வேலை கிடைக்கும். பேச்சியின் கை கொஞ்சம் தாழ்கிறது. அசதியில் தாழ்கிறதா, வேறு எதனாலா, தெரியவில்லை. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? மற்றவர்களைப் போல இவளுக்கும் தெரியாது என்றால்? "பேச்சி," என்கிறேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "நீ சொல்லு."

கைகள் இறங்குகின்றன. நான் நினைத்ததைவிட வேகமாக. சில பிள்ளைகள் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்கள், முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் அழுகிற மாதிரி என்னைப் பார்க்கிறான். எக்ஸ்டர்னலின் தலை நிமிர்கிறது. பேச்சி மட்டும் எழுந்து நிற்கிறாள், கையை இறக்க மறந்துவிட்டு. "ஆகாது டீச்சர். ரெண்டு துண்டுலயும் ரெண்டு முனையும் இருக்கும்." "எப்படித் தெரியும்?" நானா கேட்டேன்? நான்தான் கேட்டேன். "எங்க வீட்டு ஸ்பீக்கர் காந்தம் உடைஞ்சிருச்சு டீச்சர். எங்க அப்பாட்ட அடி வாங்கக் கூடாதுன்னு பழையபடி சேத்து வச்சிப் பாத்தேன். சேர மாட்டேன்னுட்டு, தள்ளுது. ஒரு துண்டத் திருப்பி வச்சா ஓடி வந்து ஒட்டுது. அப்பம் ஒவ்வொன்னுக்குள்ளயும் ரெண்டும் இருக்கப் போயித்தான டீச்சர்?" யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே ஒன்றை உடைத்து, பயந்து, சேர்த்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து. அட்டவணையில் கட்டமைப்புவாதப் பக்கம் இப்போது முழுசாக வந்து நிற்கிறது, கைகள் இறங்கிவிட்ட பிறகு வாய்மொழித் தேர்வுக்கு இனி உதவப்போவதில்லை. எக்ஸ்டர்னல் முன்னால் நடந்து வருகிறார். "ரொம்ப சரி. உட்காரும்மா. ஆமா, மத்தவங்க கையெல்லாம் ஏன் கீழ போயிருச்சு?" யாரும் வாயைத் திறக்காதீர்கள். முதல் பெஞ்சில் மகேஸ்வரி எழுந்துவிட்டாள், விதிகளைச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "தெரிஞ்சா எழுதுற கையத் தூக்கணும், தெரியலன்னா எழுதாத கையத் தூக்கணும் சார். எழுதாத கைய டீச்சர் கேக்க மாட்டாக." வாசலில் டீச்சரைக் காணோம். எக்ஸ்டர்னல் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, பேச்சியைப் பார்க்கிறார். "அப்ப நீ ஏன் இந்தக் கையத் தூக்குன?" "எழுதுற கை இதுதான் சார்." "ஐய, அது பீச்சாங்கை சார்," என்கிறான் மாரிச்செல்வம், வகுப்பே சிரிக்கிறது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. பேச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், முதல் தடவையாக அதைப் பார்க்கிற மாதிரி.

அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து நோட்டைத் திறக்கிறார். "சரிம்மா. நடத்தைவாதத்துக்கும் கட்டமைப்புவாதத்துக்கும் என்ன வித்தியாசம்? வைவால கேக்க வேண்டியது. இப்பவே சொல்லிருங்க, வகுப்ப வச்சே சொல்லுங்க." கோபமா கேலியா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை, ரெண்டாம் வகுப்பு வாத்தியாருக்கும் இப்படித்தான் குரல் இருக்கும். என் தொண்டை மூடுகிறது. மூடுவது எனக்கு நன்றாகத் தெரிகிறது, மெதுவாக, உள்ளே யாரோ தாழ் போடுகிற மாதிரி. பாட்டில் மேசைமேல் இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் போன வருஷம் மாதிரியே இருக்கிறது, கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. வகுப்பை வைத்துத்தானே சொல்லச் சொன்னார், ஒரே ஒரு கேள்வி, பிள்ளைகளுக்குத் தெரிந்த கேள்வி, அதைக் கேட்டால் மூச்சு விடலாம். "ஒரே முனை ரெண்டைப் பக்கத்துல கொண்டுவந்தா என்ன ஆகும்?" கிசுகிசுப்பாகத்தான் வருகிறது, ஒத்திகையில் தினமும் கேட்டது. ஒரு கைகூட எழும்பவில்லை. மகேஸ்வரி கேட்கிறாள், "எந்தக் கை டீச்சர்?" "எந்தக் கைன்னாலும்." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாக, பயந்து பயந்து, வலது கைகள் மேலே வருகின்றன. மூன்றாவது பெஞ்சைப் பார்க்கிறேன். பேச்சியும் தூக்குகிறாள். சத்தமே இல்லை, வலது கை. மற்றது மெதுவாக பெஞ்சுக்கு அடியில் போகிறது, பாவாடை மடிப்புக்குள். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே போன கை திரும்பி வராது. ஸ்கேல் இல்லை, அடி இல்லை, ஒரு வகுப்பின் சிரிப்பு போதுமாக இருந்தது, அதுவும் நான் கொண்டுவந்த சிரிப்பு.

கொசுவத்துக்குள்ளிருந்து என் கையை வெளியே எடுக்கிறேன். எடுக்க வேண்டியிருக்கிறது, தானாக வரவில்லை. வேர்த்து நசநசவென்றிருக்கிறது. சாக்பீஸை அதற்கு மாற்றுகிறேன். முட்டி நாலும் சுருங்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருக்கின்றன, இவ்வளவு வருஷம் கழித்தும் எந்த இடத்தில் விழும் என்று அவற்றுக்கு ஞாபகம் இருக்கிறது. "பேச்சி," என்கிறேன். தாழ் விலகியிருக்க வேண்டும், குரல் கரகரவென்று வருகிறது, ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிறது. "எனக்கும் இதுதான் எழுதுற கை." பொய்தான், இந்தக் கையால் ஒரு எழுத்து எழுதி எத்தனையோ காலமாகிறது. முழுப் பொய்யும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் போர்டுக்குத் திரும்புகிறேன். ஒத்த முனைகள் என்று ஆரம்பிக்கிறேன். ஒ கோணிக்கொண்டு போகிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒ, த்தும் தவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, வரி கீழே சரிகிறது. முதுகு முழுக்கக் கண்ணாக இருக்கிறது. பின்னால் நாற்காலி கிறீச்சிடுகிறது. எழுந்துவிட்டாரா? பேனாவை மூடும் சத்தமா, திறக்கும் சத்தமா? ஒன்றையொன்று என்று எழுதுகிறேன். சாக்பீஸ் உடைந்து பாதி கீழே விழுகிறது, மிச்சத்தால் எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பயம் போகவேயில்லை. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. விலக்கும் என்று எழுதிப் புள்ளி வைக்கும்போது, எனக்குப் பின்னால் எங்கோ மூன்றாவது பெஞ்சில், ரெண்டு வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சறுக்கி இறங்குகிற சத்தம் கேட்கிறது.